அப்பாவுக்கு எப்போது சர்வீஸ்?

பி.காம். படித்தவனுக்கு டிகிரி வாங்கிய மறுவருஷமே முக்கால்வாசி மறந்துவிடும். கம்பெனிச் சட்டம் போய்விடும், காஸ்ட் அக்கவுண்ட்ஸ் போய்விடும். கடைசி வரை கூடவே வருவது ஒன்றே ஒன்றுதான்... தேய்மானம்! எந்தச் சாமானும் வாங்கிய நாளிலிருந்தே தேய ஆரம்பித்துவிடுகிறது. ஆபீஸ் ஃபேன், நாற்காலி, ஜெராக்ஸ் மெஷின், எம்.டி.யின் கார் எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் இத்தனை பர்சென்ட் என்று கழித்துக்கொண்டே வரவேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு, நிலம். நிலம் தேயாது.

நம்மில் ரொம்பப் பேர் அப்பாவை அந்த நிலத்தோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறோம்.

பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட கிலோமீட்டர் ஓடிவிட்டால் ஆயில் மாற்றாமல் தூக்கம் வராது. செயினில் லேசாகச் சத்தம் வந்தால் அன்றைக்கு ஆபீஸ் வேலையே ஓடாது. மழை வந்தால் வண்டிக்குக் கவர் போட்டுவிட்டு நாம் நனைகிறோம். அதே வீட்டில் 68 வருஷம் ஓடிய வண்டி ஒன்று ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கடைசியாக எப்போது செக் பண்ணினோம்? எழுந்திருக்கும்போது முழங்காலில் வருகிற சத்தத்தைக் கேட்டோமா? ‘அவருக்கென்ன ஸார், கல்லு மாதிரி இருக்கார்’ என்று லஞ்ச் டயத்தில் சொல்லிக்கொள்கிறோம். சொல்லும்போது ஒரு பெருமை வேறு... ஏதோ நாமே செதுக்கின கல் மாதிரி!

இது உங்கள் வீட்டு விஷயம் மட்டுமில்லை. 2011 சென்ஸஸ் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயது தாண்டியவர்கள். அன்றைக்கு 50 வயதில் இருந்தவர்கள் எல்லாம் இப்போது அந்தக் க்யூவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். பஸ்ஸில் மூத்த குடிமக்கள் ஸீட்டுக்கு இப்போதே போட்டி ஜாஸ்தி.

அப்பாக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ‘வருமுன் காப்போம்’ என்று சொல்லிக்கொண்டு கிட்டே போனால் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

முதல் கட்சி, ‘எனக்கு ஒண்ணுமில்லை’ கட்சி. மெம்பர்ஷிப்பில் இதுதான் பெரிசு. ‘எங்கப்பா எந்த டாக்டர்கிட்ட போனார்? எண்பத்திரண்டு வயசு வரைக்கும் இருக்கலையா?’ என்பார்கள். தாத்தா எண்பத்திரண்டு வரை இருந்தது நிஜம். அவருடைய தம்பிகள் இரண்டு பேர் ஐம்பதுக்குள்ளேயே போய்ச் சேர்ந்ததும் நிஜம். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பிரஷர் இருக்கிறதே, அது ரொம்ப நாசூக்கான ஆசாமி. வலிக்காது, அரிக்காது, சத்தம் போடாது. உலகத்தில் பிரஷர் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒண்ணுமில்லை என்பதற்கும், ஒண்ணும் தெரியவில்லை என்பதற்கும் நடுவில்தான் பக்கவாதம் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது கட்சி, ‘நார்மல் ஆயிடுச்சு’ கட்சி. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மூன்று மாசம் சாப்பிட்டார். போய்ப் பார்த்தால் 130-க்கு 80. ‘அதான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?’ என்று அவரே தன்னை டிஸ்சார்ஜ் பண்ணிக்கொண்டுவிடுவார். ஸார், மாத்திரை சாப்பிட்டதால்தான் அது 130. குடை பிடித்தபோது நனையவில்லை என்பதற்காக, மழை நடுவில் குடையை மடக்கினால் எப்படி?

மூன்றாவது, வாட்ஸ்அப் கட்சி. சர்க்கரைக்கு வெண்டைக்காய்த் தண்ணீர், பிரஷருக்குப் பூண்டு, முழங்காலுக்கு இன்னதென்று பெயரே தெரியாத ஒரு வேர். அனுப்பினவர் யார் என்று கேட்டால், ‘நம்ம பழைய ஆபீஸ் க்ரூப்ல வந்தது’ என்பார். அந்த க்ரூப்பில் ஒருவருக்காவது மருத்துவத்தோடு சம்பந்தம் உண்டா என்றால், ஒருத்தர் மெடிக்கல் பில் பாஸ் பண்ணும் செக்‌ஷனில் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்!

* * *

இப்போது கொஞ்சம் சீரியஸாக ஒரு விஷயம். வயதானவர்களின் வியாதி என்றதும் ஹார்ட், கிட்னி, கான்சர் என்று பெரிய பெரிய பெயர்களாக ஞாபகம் வரும். வீட்டுக்குள்ளேயே, நாலடிக்கு ஆறடி இடத்தில், டைல்ஸ் போட்டு ஒரு ஆபத்து இருக்கிறது. பாத்ரூம்.

என் நண்பன் ஒருவனின் அப்பா. ரிடயர்டு வாத்தியார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போனவர் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. டாக்டர் கைகுலுக்கி அனுப்பினார். ஆனால் மனுஷர் அப்புறம் தெருமுனை டீக்கடைக்குப் போகவே இல்லை. மறுபடி விழுந்துவிடுவோமோ என்கிற பயம். காலை டீ நின்றது, டீக்கடைப் பேச்சு நின்றது, லைப்ரரி நின்றது. நடக்காததால் காலில் பலம் போயிற்று. பலம் போனதால் வீட்டுக்குள்ளேயே தடுமாற்றம். அந்தத் தடுமாற்றம் பயத்தை இன்னும் ஜாஸ்தியாக்கிற்று. அம்மாவுக்கோ, அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தூக்கி உட்காரவைத்து இடுப்பு வலி. ஒரு வழுக்கலில் இரண்டு பேர் விழுந்த கதை இது. அந்தப் பாத்ரூமில் ஒரு கைப்பிடிக் கம்பி இருந்திருந்தால்... என்று நண்பன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

உலகம் முழுக்க வருஷத்துக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறந்தவர்களில் 60 தாண்டியவர்கள்தான் அதிகம். நாம் பைக்கில் போகும்போது, ‘ஹெல்மெட் போட்டுக்கடா’ என்று வாசல்வரை வந்து சொல்கிற அப்பாவுக்கு, நாம் திருப்பிச் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

என்ன செய்யவேண்டும்? பெரிய பட்ஜெட் ஒன்றும் இல்லை. பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை வெளிச்சத்துக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. நழுவுகிற கால்மிதிக்கு ஓய்வு. அடிப்பக்கம் வழவழவென்று தேய்ந்துபோன ஹவாய் செருப்புக்கும் ஓய்வு (‘இன்னும் ஆறு மாசம் உழைக்கும்டா’ என்பார், நம்பாதீர்கள்). ராத்திரி எழுந்தால் சடாரென்று நிற்கக்கூடாது. கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழவேண்டும். வயதானவர்களில் பலருக்கு எழுந்து நின்றதும் பிரஷர் சட்டென்று இறங்கும், தலை கிறுகிறுக்கும்.

அம்மாவை மறந்துவிடாதீர்கள். பரணில் இருக்கிற முறுக்கு அச்சை எடுக்க, நாற்காலி மேல் முக்காலி போட்டு ஏறுகிற சர்க்கஸ் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அச்சை இறக்கிக் கீழ் அலமாரியில் வைக்க உங்களுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். முறுக்குச் சாப்பிட அதைவிட ஜாஸ்தி நேரம் செலவழிக்கிறீர்களே!

* * *

ஒரு சின்னப் பரீட்சை சொல்கிறேன். ஆஸ்பத்திரிகளிலேயே வைப்பதுதான். அப்பாவைக் கை வைத்த நாற்காலியில் உட்காரவையுங்கள். பத்தடி தள்ளித் தரையில் ஒரு கோடு. ‘ரெடி’ என்றதும் எழுந்து, வழக்கமான நடையில் கோடு வரை போய், திரும்பி வந்து, மறுபடி உட்காரவேண்டும். நீங்கள் பக்கத்திலேயே நின்று வாட்ச்சைப் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், விழுகிற ஆபத்து இருக்கிறது, டாக்டரிடம் காட்டுவது நல்லது என்று அர்த்தம்.

சிலபேர் இதை ஓட்டப்பந்தயமாக எடுத்துக்கொண்டு எட்டு விநாடியில் முடித்துவிட்டு, ‘நீ ஓடிக் காட்டுடா பார்ப்போம்’ என்பார்கள். ரொம்ப சந்தோஷம். அந்த வீட்டில் கவலைப்படவேண்டியது மகனைப் பற்றித்தான்.

பாலன்ஸ் போனால் போனதுதான், வயசானால் அப்படித்தான் என்று நினைக்கவேண்டாம். நியூஸிலாந்தில் ஒடாகோ என்றொரு யுனிவர்ஸிட்டி. அங்கே 1990-களில், 80 வயது தாண்டிய பாட்டிமார்களுக்கு வீட்டிலேயே செய்கிற மாதிரி எளிய பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒற்றைக்காலில் நிற்பது, குதிகால் தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, கொஞ்சம் நடை... அவ்வளவுதான். தொடர்ந்து செய்தவர்களிடம் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எண்பதில் ஆரம்பித்தே இந்தப் பலன் என்றால், அறுபத்தெட்டுக்கு என்ன குறைச்சல்? 65 தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடையோ அதுபோன்ற வேலையோ செய்யவேண்டும், மூன்று நாளாவது பாலன்ஸ் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரொம்ப நாளாக உட்கார்ந்தே பழகியவர், ஹார்ட் பேஷண்ட் என்றால் டாக்டரைக் கேட்டு மெதுவாக ஆரம்பிக்கவேண்டும். ஆரம்பத்தில் பிடித்துக்கொள்ளச் சுவரோ மேஜையோ பக்கத்தில் இருப்பது அவசியம்.

அடுத்தது கண்ணும் காதும். இந்தச் சப்ஜெக்ட்டில் நமக்குப் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி, அரசாங்க வேலையிலிருந்து ரிடயர் ஆன பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களாலேயே கண்புரை ஆபரேஷன் செய்தார். ஊர் ஊராகக் கண் முகாம் போட்டார்கள். பார்வை இல்லாமல் திண்ணையில் கிடந்த எத்தனையோ தாத்தாக்கள் எழுந்து நடந்தார்கள். இன்னொரு சுவாரஸ்யம்... அவர் பிறந்த தேதி அக்டோபர் 1. பிற்பாடு ஐ.நா. சபை, உலக முதியோர் தினம் என்று அறிவித்ததும் அதே தேதிதான்!

கண்புரையைச் சரிசெய்தால் படி தெரியும், தரை ஈரம் தெரியும், விழுவது குறையும். காது விஷயத்தில்தான் நாம் இன்னும் ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறோம். டி.வி. வால்யூம் 40-க்குப் போய், எதிர்வீட்டுக்காரர் நம் வீட்டு ஸீரியலை அவர் வீட்டு ஹாலில் இருந்தபடியே கேட்கிறார் என்றால், அப்பாவுக்குக் காது டெஸ்ட் செய்யவேண்டிய நேரம் வந்துவிட்டது. மறதி நோயைப் பற்றி ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையின் நிபுணர் குழு 2024-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால், பாதிக்குக் கொஞ்சம் குறைவான கேஸ்களைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. அந்த 14-ல் காது கேளாமையும், கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவும், பிரஷரும், சர்க்கரையும், தனிமையும் உண்டு. கண்ணாடி போட்டுக்கொள்கிறவரை ‘அறிவாளி’ என்கிறோம். காதில் மெஷின் வைத்தவரை மட்டும் ஏன் கேலி செய்யவேண்டும்?

* * *

‘இதெல்லாம் சரி ஸார், பணம்?’ என்பீர்கள். இங்கேதான் ஆச்சரியம். பல விஷயங்களுக்குப் பணமே வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளி என்கிற கிராமத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று தமிழக அரசு ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. அந்தப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பிப் பிரஷர், சர்க்கரை பார்ப்பது, ஏற்கெனவே வியாதி உள்ளவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுப்பது, படுக்கையில் இருப்பவர்களுக்கு பிஸியோதெரபி என்று ஏற்பாடு. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதுகூடக் கிடைத்தது. இது ஒன்றும் திடீரென்று முளைத்ததில்லை. சென்னை ஜி.ஹெச்.சில் முதியோருக்கென்றே தனி மருத்துவப் பிரிவை 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கிவிட்டார். கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கான தேசிய மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

எல்லாம் இருக்கிறது. ஆனால், பகல் பதினொரு மணிக்கு அந்தப் பெண் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது? நீங்கள் ஆபீஸில் இருக்கிறீர்கள். அப்பா கதவை அரையடி திறக்கிறார்.

‘‘ஐயா, பிரஷர் பார்த்துக்கறீங்களா?’’

‘‘எங்க வீட்ல யாருக்கும் பிரஷர் இல்லம்மா. எதிர்வீட்ல இருக்கு, அங்க போ.’’

கதவு மூடிவிட்டது. ஃப்ளாட் என்றால் அந்த அரையடிகூடக் கிடையாது. கேட்டில் வாட்ச்மேனே, ‘ஸேல்ஸ் ஆளுங்களுக்கு அனுமதி இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். ஊருக்கு ஊர் வந்த திட்டம், தெருவுக்கு வந்த திட்டம், வாசல்வரை வந்த திட்டம்... கடைசி அரையடியில் நின்றுபோகிறது. அந்த அரையடிதான் நம் பொறுப்பு. ‘யாராவது பிரஷர் பார்க்க வந்தா உள்ளே கூப்பிடுங்கப்பா’ என்று ஒரு வார்த்தை. வாட்ச்மேனிடம் இன்னொரு வார்த்தை. யாரும் வரவில்லை என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்கலாம்.

இன்ஷூரன்ஸ் வேறு கணக்கு. 70 வயது ஆனவர்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவுக்கு மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. அப்பாவுக்கு 70 ஆகிவிட்டால் கார்டு வாங்கி வையுங்கள், நல்லதுதான். ஆனால், ஒரு வித்தியாசம் பாருங்கள். விழுந்தால் கொடுப்பார்கள். விழாமல் இருந்ததற்கு எந்த கவுண்ட்டரிலும் க்ளெய்ம் பண்ண முடியாது. அந்த லாபம் எந்தப் பாஸ்புக்கிலும் ஏறாது. அப்பா தினமும் தன் காலால் நடந்து டீக்கடைக்குப் போய்வருகிறார் பாருங்கள், அதுதான் அந்த என்ட்ரி.

* * *

இவ்வளவையும் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. தமிழ்நாட்டில் அப்பாவும் பிள்ளையும் நேராகப் பேசிக்கொள்வது அபூர்வம். எல்லாத் தபாலும் அம்மா என்கிற ஹெட் போஸ்ட் ஆபீஸ் வழியாகத்தான் போகும். ‘அப்பாவை டாக்டர்கிட்ட போகச் சொல்லும்மா.’ ‘அவன் வேலையை அவனைப் பார்க்கச் சொல்லுடி.’ பட்டுவாடா ஆகாமல் திரும்பிவிடும்.

உபதேசம் பண்ணாதீர்கள். நமக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்தவருக்கு நாம் பிரஷர் பற்றி க்ளாஸ் எடுத்தால் ரசிக்கமாட்டார். பதிலாக, ‘அப்பா, நான் பிரஷர் பார்த்துக்கப் போறேன், தனியாப் போக போரடிக்குது, கூட வாங்களேன்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள். உடனே வேஷ்டி மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பிள்ளைக்குத் துணையாகப் போவது என்றால் எந்த அப்பாவுக்கும் முழங்கால் வலிக்காது. இதில் பொய்யும் இல்லை. அரசாங்கத்தின் பிரஷர், சர்க்கரைப் பரிசோதனை 30 வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. முப்பது தாண்டியவர்கள் கையைத் தூக்குங்கள்! இப்படி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன என் சிநேகிதன் ஒருவனுக்கு, அப்பாவைவிட அவனுக்குத்தான் பிரஷர் ஜாஸ்தி என்று தெரிந்தது. இப்போது அப்பா அவனை வாக்கிங் இழுத்துக்கொண்டு போகிறார். வீட்டில் ஊறுகாய் பாட்டிலையும் அப்பாதான் ஒளித்து வைக்கிறார். உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூனுக்குள்தான் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துத் தானும் குறைத்துவிட்டார்.

டாக்டரிடம் போகும்போது இன்னொரு காரியம். அப்பா சாப்பிடுகிற அத்தனை மாத்திரைகளையும் - இங்கிலீஷ், நாட்டு மருந்து, தானாகக் கடையில் வாங்கின தூக்க மாத்திரை - ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். மூன்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்த ஒரே மாத்திரை மூன்று பெயரில் இருக்கலாம். தடுமாற்றத்துக்குக் காரணமே அந்தத் தூக்க மாத்திரையாக இருக்கலாம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டர் சொல்லட்டும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி தேவையா என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் 14567 என்கிற நம்பரை அப்பா, அம்மா போனில் பதிந்துகொடுங்கள். மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் அது.

தேய்மானத்தை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால், ரேட்டைக் குறைக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கெட்டும் துணியுமாகப் பைக்கைக் கழுவ இறங்குவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, அந்த நாற்காலிப் பரீட்சையை வைத்துவிடுங்கள். அப்படியே ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு கைப்பிடிக் கம்பியும் வாங்கி வந்துவிடுங்கள்.

பைக் எங்கேயும் போகாது ஸார். போனாலும், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கிறது.